சம்பளத்துக்குள் அடங்கிய நேரம்

கஜானி நியூசிலாந்துக்கு வந்தது சம்பளக்காரியாக, மணிக்கூலிக்காரியாக அல்ல. அந்த வித்தியாசத்தில் அவளுக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியைப் பல வருடம் நடத்தியவள். நியூசிலாந்தின் பாபகூரா புறநகரில், ஹோட்டல்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் லோண்ட்ரி ஒன்று மேற்பார்வையாளர் தேடியபோது கொழும்பிலிருந்தே விண்ணப்பித்தாள். கணினித் திரையில் நேர்முகம் நடந்தது. வேலை கிடைத்தது. விசா வந்த அன்று கணவன் பிருந்தன் தெருமுனைக் கடையில் கேக் வாங்கிவந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தான்.

அவளுடைய வருடச் சம்பளம் எங்கிருந்து வந்த தொகை என்பது பிறகுதான் விளங்கியது. அந்த விசாவுக்கு அரசாங்கம் மணிக்கு இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருந்தது. வாரம் நாற்பது மணித்தியாலம் என்று வைத்துப் பெருக்கி, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு நூல் இடைவெளி விட்டு அவளுடைய சம்பளத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வேலைக்குத் தேவைப்படும் மேலதிக நேரமும் இந்தச் சம்பளத்துக்குள் அடங்கும். எந்த ஊரில்தான் அப்படி இல்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிருந்தன் வேலை செய்யும் உரிமையும், மகள் சிவானி பள்ளிக்குக் கட்டணமில்லாமல் போகும் உரிமையும் அவளுடைய அந்தச் சம்பளத்தில்தான் தொங்கின. அவளுடைய விசாவோ அந்த லோண்ட்ரியில் தொங்கியது. முதல் வருடம் இதை அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற மாதிரி எதுவும் நடக்கவும் இல்லை.

இரண்டாம் வருடம் லோண்ட்ரி புதிதாகச் சில ஹோட்டல்களின் ஒப்பந்தத்தை எடுத்தது. வந்து குவிந்த துணி இரட்டிப்பானது, ஆட்கள் கூடவில்லை. முதலில் யாராவது சுகமில்லை என்று வராத நாட்களில் மட்டும் கஜானி மெஷினில் நின்றாள். பிறகு வந்த ஆட்களையே மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கியது. லோண்ட்ரியின் செயற்பாட்டு மேலாளர் தினேஸ்வரன் வாயிற்கதவில் நின்று, "இன்னிக்கு இதுபோதும், நீங்க கிளம்புங்க" என்று பெண்களைச் சிரித்தபடி வழியனுப்புவார். அவர் மலேசியத் தமிழர். கிள்ளானில் பிறந்து, இங்கே படித்து, இங்கேயே வேரூன்றியவர். பெண்கள் போனபின் மிச்சத் துணியைக் காட்டி, "கஜானி, இத முடிச்சிட்டுப் போயிடும்மா" என்பார்.

கணக்கு எளிமையானது. மணிக்கூலிக்காரியை ஒரு மணித்தியாலம் கூட நிறுத்தினால் காசு போகும். கஜானியை எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் எதுவும் போகாது.

காலையில் இருட்டோடு போய் மெஷின்களைச் சூடாக்குபவளும் அவள். மாலையில் கடைசி ட்ரொலியை லொறியில் ஏற்றி, கதவைப் பூட்டுபவளும் அவள். சனிக்கிழமைகளும் அவளுடையதாயின. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி. ஒவ்வொரு ஏப்ரலிலும் நாட்டின் குறைந்தபட்சக் கூலி ஏறும். மணிக்கூலிப் பெண்களின் கூலியும் அதோடு ஏறும். அவளுடைய சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

வீட்டில் பிருந்தன் சமைத்தான், சிவானியைப் பள்ளிக்குக் கொண்டுபோனான், பின்னேரம் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கப் போனான். ஒருவர் வர மற்றவர் போவார். பெற்றோர் கூட்டத்துக்குப் போக முடியாத ஒரு நாள், "சொறி செல்லம்" என்று சிவானியிடம் சொன்னாள். "இட்ஸ் ஓகே அம்மா, யூ நெவர் கம் எனிவே" என்றது பிள்ளை, கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று கஜானி நினைத்தாள்.

லோண்ட்ரியில் அவளுக்கு நெருக்கமானவள் ரதிதேவி. வல்வெட்டித்துறைக்காரி. போர்க்காலத்தில் அகதியாகக் குடும்பத்தோடு வந்து, இப்போது இந்த நாட்டுக் குடிமகள். கணவர் இரத்தினசிங்கம் டாக்சி ஓடியவர். கண்பார்வை மங்கியதும் வீட்டோடு இருந்துவிட்டார். பாபகூராவில் அவர்கள் வாங்கிய வீட்டின் மோர்கேஜ் கடன் முழுவதும் ரதிதேவியின் தோளில். முதல் நாளே கஜானிக்குப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து கொடுத்தவள். அந்த ரதிதேவி கொஞ்ச நாளாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு மத்தியானம் உடுப்பு மாற்றும் அறையில் கஜானி கேட்டேவிட்டாள்.

"ரதி அக்கா, என்னிலை ஏதும் கோபமோ?"

ரதிதேவி செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "கோபம் இல்லைப் பிள்ளை. உண்மையைச் சொல்லட்டோ? நாங்கள் செய்யவேண்டிய வேலையை நீ சும்மா செய்யிறாய். நீ சும்மா செய்யிறபடியால்தான் எங்களை வெள்ளெனவே கலைக்கிறாங்கள். போன மாசம் எனக்கு எத்தினை மணித்தியாலம் குறைஞ்சது தெரியுமோ? பாங்குக்காரன் சும்மா விடுவானோ?"

"நான் விரும்பியே அக்கா செய்யிறன்?"

"நீ விரும்பிச் செய்யிறாய் எண்டு நான் சொல்லேல்லை. செய்யிறாய் எண்டுதான் சொல்லுறன்."

கஜானி மாட்டேன் என்றால் விசா போகும். அவள் செய்தால் ரதிதேவியின் அடுப்பில் ஒரு சட்டி குறையும். யாரோ இருவரை ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் கட்டி, கயிற்றைத் தூணில் சுற்றி இழுப்பதுபோல் இருந்தது அவளுக்கு. துணி உலர்த்தும் அறைக்குள் போய், இயந்திரங்களின் இரைச்சலுக்குள் வாய்விட்டு அழுதாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

குளிர்காலம் முடிகிற சமயம். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கிடையே இழுத்துத் தேய்க்கும் பெரிய மெஷினில் அவள் துணி ஊட்டிக்கொண்டு நின்றாள். எதிர்ப் பக்கம் ரதிதேவி. நின்றபடியே கஜானியின் கண் மூடியது. ஒரு கணம்தான். விரிப்போடு சேர்ந்து அவளுடைய கைவிரல்களும் உள்ளே இழுபட்டன. ரதிதேவி கத்திக்கொண்டு பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். மெஷின் நின்றது. விரல்கள் தப்பின. புறங்கை வெந்துபோயிருந்தது.

மருத்துவ நிலையத்தில் கட்டுப்போட்ட தாதி கேட்டாள், "கடைசியாக ஒரு முழு நாள் ஓய்வெடுத்தது எப்போது?" கஜானி யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கையில் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில் தினேஸ்வரன் போன் செய்தார். மிகவும் அன்பாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொன்னார். ஹில்ஸ்பரோவில் அவருடைய வீடு. மரங்கள் நிறைந்த, சத்தமில்லாத தெரு. பிருந்தன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, உள்ளே வராமல் காருக்குள்ளேயே இருந்தான். தினேஸ்வரனே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

"கை எப்படி இருக்கும்மா? ரொம்பப் பயந்துட்டோம் லா."

"பரவாயில்லை சேர். நோவு குறைஞ்சிட்டுது."

"நல்லது. பாரு, மேலிடத்துல அந்த ஆக்சிடென்ட பத்தி விசாரிப்பாங்க. நீ கவனமில்லாம கைய விட்டுட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சது. வேலை நேரம் அது இதுன்னு இழுத்தா சிக்கல்தான். உனக்கும் சிக்கல், எனக்கும் சிக்கல்."

கஜானி தேநீரைப் பார்த்தபடி இருந்தாள். கட்டுப்போட்டது வலது கை, கோப்பையை எடுத்துக் குடிக்க முடியவில்லை.

"சேர், நான் நித்திரையாய்ப் போனன். அதுதான் நடந்தது. எனக்கு ஏலாமல் கிடக்கு. ஒரு ஆளையாவது கூட எடுங்கோ. எனக்குச் சம்பளம் கூட்டித் தரவேண்டாம். ஆளை மட்டும் எடுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். "நானும் சேலரிதான் கஜானி. நான் ஓ.டி. வாங்கி எத்தனை வருசமாச்சு தெரியுமா? சேலரின்னா பொறுப்பு. மணி பாக்கக் கூடாது. அதுதான் மேல வர்ற வழி." பிறகு விஷயத்துக்கு வந்தார். "இன்னொண்ணு. உன் பாரத்தக் குறைக்கத்தான் இது. ரதிதேவியையும் இன்னும் ரெண்டு பேரையும் டீம் லீடராக்கப் போறோம். மாசச் சம்பளம். நீ தமிழ்ல எடுத்துச் சொன்னா அவங்க தயங்காமச் சைன் பண்ணிடுவாங்க. உன்ன நம்புவாங்க. நீ இத முடிச்சுக் குடு. நீங்க இங்கயே தங்கறதுக்கான ரெசிடன்ஸிக்குக் கம்பெனி சைடுல என்ன வேணுமோ நான் பாத்துக்கறேன்."

அவர் கொடியவர் இல்லை. அதுதான் கஜானிக்கு இன்னும் பயமாக இருந்தது. தான் சொல்வதை அவர் முழுமனதோடு நம்பினார்.

திரும்பி வரும்போது காருக்குள் எல்லாவற்றையும் சொன்னாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் பிருந்தன் வாய் திறந்தான்.

"கஜா, சொல்லிக் குடுத்திடு. அவை என்ன சின்னப் பிள்ளைகளோ? தங்கடை தலையெழுத்தைத் தாங்கள் வாசிக்கட்டும்."

"ரதி அக்கா இல்லையெண்டால் எனக்கு விரல் இருக்காதுங்கோ."

"விரலுக்காக விசாவைக் குடுக்கப்போறியோ? அங்கை போய் என்ன செய்யிறது? வீட்டையும் வித்துப்போட்டு வந்தனாங்கள். சிவானிக்குத் தமிழ் எழுதத் தெரியாது." அவன் குரல் உடைந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தான். "எனக்கு மட்டும் விருப்பமோ இப்பிடிக் கதைக்க?"

திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் ரதிதேவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. தினேஸ்வரன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டிருந்தார்.

"கஜானி, எனக்கும் சம்பளமாம்! கேள்விப்பட்டனியோ? வீட்டிலை இவர் இரவு முழுக்க அதைத்தான் கதைச்சவர். நிரந்தரச் சம்பளம் எண்டால் பாங்கிலை போய் நிமிர்ந்து கதைக்கலாம். மோர்கேஜைக் கொஞ்சம் நீட்டித் தருவாங்கள். பாங்குக்காரன்தான் அடுத்த மாசம் என்ன வருமெண்டு கேட்டுக் கேட்டு என்னைச் சாக்கொல்லுறான்."

கஜானி தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, கையெழுத்துப் போடாதையுங்கோ."

"என்ன?"

"போடாதையுங்கோ. அந்தச் சம்பளம் நாற்பது மணித்தியாலத்துக்குப் பாக்கத்தான் பெரிசு. பிறகு விடியத் தொடங்கிப் பொழுதுபடும்மட்டும் நிப்பாட்டி வைப்பாங்கள். எல்லாம் அதுக்குள்ளை அடங்கிப்போம். என்னைப் பாருங்கோ. இந்தக் கையைப் பாருங்கோ."

ரதிதேவியின் முகம் மெதுவாக மாறியது. கஜானி எதிர்பார்த்த மாற்றம் அல்ல அது.

"ஓ. உனக்கு மட்டும் சம்பளம் இருக்கோணும். நாங்கள் கடைசிமட்டும் மணிக்குக் கைநீட்டிக்கொண்டு நிக்கோணும், என்ன?"

"ஐயோ, அக்கா..."

"நீ வந்து இரண்டு வருசம். நான் இஞ்சை எத்தினை வருசம் எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்கு ஒரு நல்லது வரேக்கை மட்டும் உனக்குச் சட்டம் தெரியுது."

சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போனாள். அந்த வாரமே கையெழுத்துப் போட்டாள்.

கஜானி சொன்னது யார் மூலமோ தினேஸ்வரனின் காதுக்குப் போனது. அவர் சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து அவர் தமிழில் பேசுவதை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கூட்டம். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவரும் வந்திருந்தார். வேலைத் திறன் போதாது, பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை, முன்னேற்றம் தெரியாவிட்டால் வேலையைத் தொடர முடியாது. வேலை போனால் விசா என்னாகும் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

அந்த நாட்களில் கஜானி சாப்பிடவில்லை. கடவுச்சீட்டுகளை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். ரயில் மேடையில் நிற்கும்போது, வரும் ரயிலை ஒருவிதமாகப் பார்க்கத் தொடங்கியதை அவளே கவனித்தாள். அன்றைக்கு மேடையைவிட்டு இறங்கி, நடந்து வீட்டுக்குப் போய், கதவைத் திறந்த பிருந்தனிடம், "எனக்கு என்னிலையே பயமாய்க் கிடக்குங்கோ" என்றாள். அவளை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "விடு. விசாவும் மண்ணாங்கட்டியும். நாளைக்கு நாங்கள் யாரிட்டையாவது போய்க் கேப்பம்" என்றான்.

போனார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் இலவசச் சட்ட ஆலோசனை தருகிற இடத்தில் அஞ்சனா என்ற இளம் வழக்கறிஞர் இருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து சிறுவயதில் வந்தவள். கஜானி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள், "ஒரு வாரத்துக்குச் சராசரியா எவ்வளவு நேரம் வேலை செய்றீங்க?" கஜானி சொன்னாள். அஞ்சனா தன் போனில் சம்பளத்தை அந்த நேரத்தால் வகுத்தாள். பிறகு திரையை இருவருக்கும் திருப்பிக் காட்டினாள்.

"ஆமாங்க, உங்களுக்குக் குறைச்சுத்தான் தராங்க. இந்த நாட்டுல ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு தரணும்னு சட்டம் கிடையாது. ஆனா சம்பளக்காரங்கன்னா எவ்வளவு வேணா வேலை வாங்கலாம்னும் சட்டம் கிடையாது. சம்பளமோ மணிக்கூலியோ, நீங்க வேலை செஞ்ச ஒவ்வொரு மணிக்கும் குறைஞ்சபட்சக் கூலி வந்தே ஆகணும். உங்களுக்கு வரல. நீங்க மேற்பார்வை பண்ற ஆளுங்களவிடக் கீழ இருக்கீங்க."

பிருந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தொழிலாளர் துறையில புகார் குடுக்கலாம். அத நம்பகமானதுன்னு ஏத்துக்கிட்டா, வேற இடத்துல வேலை செய்ய ஆறு மாச விசா கிடைக்கும். ஆனா உங்க நேரத்துக்கு என்ன ஆதாரம் இருக்கு? மத்தவங்க வரும்போதும் போகும்போதும் கார்டு தட்டுறாங்க. நீங்க?"

"சம்பளக்காரருக்குக் கார்டு இல்லை."

"பதிவு வைக்கறது அவங்க பொறுப்பு. ஆனா அவங்க நாற்பதுதான்னு சொல்லுவாங்க. கூட வேலை செஞ்சவங்க யாராவது பேசணும்."

கூட வேலை செய்தவர்கள் என்றால் ரதிதேவிதான். கஜானி அவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. கண்களுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. சம்பளக்காரியாகி ஒரு மாதம்தான். கஜானி கேட்டதும் ரதிதேவி தெருவைப் பார்த்தாள்.

"என்னைக் கேளாதை கஜானி. பாங்கிலை அந்தச் சம்பளத்தைக் காட்டித்தான் கையெழுத்து வைச்சிருக்கிறன். இப்ப வாயைத் திறந்தால் வீடு போம். உனக்கு விசா, எனக்கு வீடு. என்னாலை ஏலாது."

"ஓம் அக்கா" என்றாள் கஜானி. வேறு என்ன சொல்வது? தன்னுடைய காரணத்தைத்தான் ரதிதேவி வேறு சொல்லில் சொன்னாள்.

கஜானி சாட்சி இல்லாமலே புகார் கொடுத்தாள். தற்காலிக விசா வந்ததும் லோண்ட்ரியை விட்டாள். போகிற அன்று யாரும் விடைகொடுக்கவில்லை. ரானுயியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. நகரத்தின் அந்தப் பக்கம்வரை இரண்டு ரயில் மாறிப் போனாள். விசா முடிவதற்குள் தன்னை வேலைக்கு எடுத்து, புதிய விசாவுக்கும் உதவும் நிறுவனம் ஒன்று வேண்டும். அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. வந்தவற்றில் ஒருவர், "முந்தைய முதலாளியிடம் பேசினோம்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

கோடை தொடங்கியபோது தொழில் ஆய்வாளர் லோண்ட்ரிக்குப் போனார். நிறுவனம், கஜானி நாற்பது மணித்தியாலமே வேலை செய்தாள் என்றது. ஆய்வாளர் பெண்களைத் தனித்தனியே கூப்பிட்டார், மொழிபெயர்ப்பாளரோடு. தங்களுக்குத் தெரியாது என்றார்கள் சிலர். ரதிதேவியும் அதைத்தான் சொல்லப் போயிருந்தாள். ஆனால் ஆய்வாளர், கஜானி எத்தனை மணிக்கு வருவாள், எத்தனை மணிக்குப் போவாள் என்று கேட்டபோது, அவள் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் வரேக்கையும் அவ நிப்பா. நான் போகேக்கையும் அவ நிப்பா. ஒருநாளும் நான் அவவுக்கு முந்தி வந்ததுமில்லை, பிந்திப் போனதுமில்லை."

இதை அஞ்சனா போனில் சொன்னபோது கஜானி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். நிறுவனம் சமரசத்துக்கு வரலாம் என்றாள் அஞ்சனா. குறைந்த கூலியைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். "விசா?" என்று கேட்டாள் கஜானி. "அது வேறங்க" என்றாள் அஞ்சனா. "இதுல ஜெயிச்சாலும் அது தானா வராது."

அடுத்த வாரம் ரதிதேவி அழைத்தாள். குரல் களைத்திருந்தது. ஆய்வாளர் வந்துபோனபின் அவளுடைய பதவியை மாற்றி விட்டார்களாம். சம்பளமும் இல்லை, பழைய மணித்தியாலங்களும் இல்லை. அதைப் பற்றி அவள் நீளமாகப் பேசவில்லை. கஜானி நன்றி சொல்லத் தொடங்கியபோது இடைமறித்தாள்.

"அதை விடு. உங்கை உன்ரை வேலையிடத்திலை ஆள் எடுக்கிறாங்களோ?"

"மணிக்கூலிதான் அக்கா. தூரமும்."

"எனக்கு அது காணும். கேட்டுப் பாக்கிறியோ?"

"கேக்கிறன் அக்கா. இப்பவே கேக்கிறன்."

கேட்டாள். சமையலறைப் பொறுப்பாளர் நல்லவர், தலையைச் சொறிந்தார். இப்போது இடமில்லை, கஜானியின் விசா முடியும்போது அவளுடைய இடம் காலியாகும், அப்போது வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் குறைத்தார்.

கஜானி வெளியே வந்து ரதிதேவியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்ததும் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.